லாலாங் தீ, காம்புட் புகை: வெயில் காலத்துக்கு முன் முதல் காசை எதில் போடுவது?

பிப்ரவரி வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் பக்கம் ஒரே பேச்சுதான். தண்ணீர்ப் பம்ப் வாங்கலாமா, தீயணைப்பான் ஒன்றை வாங்கிச் சமையலறையில் மாட்டலாமா, பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறதே காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா, இல்லை அந்தக் காசை இன்சூரன்ஸில் போடலாமா? எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடிகிற வீடு இங்கே மிகக் குறைவு. அதனால் எது முதலில், எது அப்புறம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் என்றால் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறினாலும் பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள், யாரும் கவனிக்காமல் விட்ட நிலங்களில் ஆளுயர லாலாங் புல், இன்னொரு பக்கம் ராஜா மூசா வனக்காப்புப் பகுதியின் காம்புட் எனும் கரிய சதுப்பு மண். பந்திங், கேரித் தீவு, சபாக் பெர்ணம், பாகான் டத்தோ என்று மேற்குக் கரையில் எங்கே இருந்தாலும் நிலைமை ஏறக்குறைய இதுதான், அதனால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் காசும் முதல் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டைச் சுற்றி வெட்டிச் சுத்தம் செய்யப் போகட்டும். அடுத்தது, கிளம்ப வேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு ஓட ஒரு பை, போய் இறங்க ஒரு வீடு. மூன்றாவது, புகை புகாத ஓர் அறை. பம்பும் தீயணைப்பானும் இதற்கெல்லாம் பிறகு. ஏன் இந்த வரிசை என்பது நம் ஊரில் எரியும் தீ எப்படிப்பட்டது என்று பார்த்தால்தான் விளங்கும்.

நம் ஊரில் இரண்டு தீ

கைப்பேசியில் வரும் காட்டுத்தீ வீடியோக்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவையோ கலிபோர்னியாவையோ காட்டுபவை. அங்கே உயரமான காய்ந்த மரங்கள் எரிந்து, தணல் காற்றில் வெகுதூரம் பறந்து, தீக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் வீட்டின் கூரையில் விழும். நம் மழைக்காடு அப்படி எரிவதில்லை. இங்கே எரிவது லாலாங்கும் காம்புட்டும்தான், இரண்டின் குணமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

லாலாங் வேகமான தீ. நாலைந்து நாள் மழை இல்லாமல் வெயில் அடித்தாலே மேல்புல் காய்ந்துவிடும், உள்ளே பச்சை இருந்தாலும் பற்றும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் ஒரு திடல் அளவு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாண்டிப் போய்விடும். ஆனால் அது ஓர் இடத்தில் எரியும் நேரம் மிகக் குறைவு, சில நிமிடங்களில் அங்கே எரிய ஒன்றும் மிஞ்சாது. வேர்த்தண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால் அடுத்த மழையில் அதே இடத்தில் லாலாங் மறுபடி முளைத்து, அடுத்த வெயிலுக்கு மறுபடி தயாராக நிற்கும்.

காம்புட் வேறு விதம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமும் இலையும் தண்ணீருக்குள் கிடந்து முழுதாக மக்காமல் சேர்ந்த கரிய மண் அது. நனைந்து கிடக்கும்வரை எரியாது. கால்வாய் வெட்டித் தண்ணீரை இறக்கிவிட்டால் மண்ணே விறகாகிவிடுகிறது. உமிக்குள் போட்ட நெருப்பு போல மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று, வாரக்கணக்கில் நகர்ந்து, எதிர்பாராத இடத்தில் புகை கக்கும். மேலே தண்ணீர் அடித்தால் ஆவி வரும், அடியில் தணல் அப்படியே இருக்கும். மண்ணை ஆழம்வரை ஊறவைத்தால்தான் அணையும். அதனால்தான் போம்பா (தீயணைப்பு) வீரர்கள் நாட்கணக்கில் முகாம் போட்டுக் கால்வாயை மறித்து, குழாய்க்கிணறு தோண்டி வேலை செய்கிறார்கள். புகையும் காம்புட் நிலத்தில் தயவுசெய்து யாரும் கால் வைக்காதீர்கள், பிள்ளைகளை விடவே விடாதீர்கள். மேல்மண் உறுதியாகத் தெரியும், அடியில் எரிந்து குழியாகியிருக்கும், கால் உள்ளே போனால் தணலுக்குள்தான் போகும். வேர் எரிந்த மரமும் சத்தமில்லாமல் சாயும்.

இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. காம்புட் தானாகப் பற்றுவது அபூர்வம். மேலே லாலாங்கிலோ குப்பையிலோ வைத்த தீ காய்ந்த மண்ணுக்குள் இறங்குவதுதான் வழக்கம். மேலே எரிய ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டால் இரண்டு தீக்கும் ஒரே நேரத்தில் கதவடைத்ததாகிறது. வெட்டிச் சுத்தம் செய்வதை நான் முதலில் வைப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

எந்த எச்சரிக்கையை நம்புவது

வானிலை ஆய்வுத்துறை வெப்ப எச்சரிக்கை விடுகிறது. தொடர்ந்து மூன்று நாள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 பாகைவரை போனால் முதல் நிலை, 37 முதல் 40 வரை போனால் இரண்டாம் நிலை, 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. தண்ணீர் குடிக்கவும், பிள்ளைகளைத் திடலில் ஓடவிடாமல் இருக்கவும் இது நல்ல அறிவிப்பு. தீக்கு இது மட்டும் போதாது. 34 பாகையில் இரண்டு வாரம் மழை இல்லாமல் காற்றும் அடித்தால் அது 36 பாகையில் முந்தின நாள் மழை பெய்த ஊரைவிட ஆபத்தானது.

ஐ.பி.யு. என்று எல்லாரும் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு புகை வந்த பிறகு வரும் எண். 50 வரை நல்லது, 100 வரை மிதம், 101-இலிருந்து ஆரோக்கியமற்றது, 201-க்கு மேல் மிகவும் ஆரோக்கியமற்றது, 300-ஐத் தாண்டினால் அபாயம். 2018-இலிருந்து பி.எம். 2.5 என்ற நுண்துகளையும் கணக்கில் சேர்த்துவிட்டதால் முன்பைவிட நம்பகமானது. ஆனாலும் அந்தத் துகளின் எண் 24 மணி நேரச் சராசரி, நிலையமும் உங்கள் வீட்டுப் பின்னால் இல்லை. பின்பக்கக் காம்புட் இரவில் புகைந்து வீடு முழுக்க நிறைந்திருக்கும்போது காலையில் எண் 80 என்று காட்டலாம். மூக்கும் கண்ணும் வேறு சொன்னால் அவற்றை நம்புங்கள்.

நான் மற்றவர்களுக்குச் சொல்வது மூன்றாவதை, அதைத்தான் மிகக் குறைவான பேர் பார்க்கிறார்கள். வானிலை ஆய்வுத்துறை தன் இணையத்தளத்தில் தீ அபாய மதிப்பீட்டு வரைபடங்களை வெளியிடுகிறது. கனடாவில் உருவான முறை, நம் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். நடுப்பகல் வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம், 24 மணி நேர மழை ஆகிய நான்கையும் வைத்துக் கணக்கிட்டு நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் போடுகிறார்கள். பல வரைபடங்கள் இருக்கும், இரண்டைப் பார்த்தால் போதும். எஃப்.எஃப்.எம்.சி. என்பது மெல்லிய புல்லும் மேல்சருகும் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று காட்டும். அது நம் லாலாங்கின் கணக்கு. டி.சி. என்பது ஆழத்து மண்ணின் வறட்சி, அது காம்புட்டின் கணக்கு.

இந்த இரண்டும் ஒன்றாக நகர்வதில்லை. அரை மில்லிமீட்டருக்கு மேல் மழை விழுந்தாலே முதல் எண் இறங்கத் தொடங்கும். ஆழத்து வறட்சிக் கணக்கிலோ 2.8 மில்லிமீட்டருக்குக் குறைந்த மழை மழையாகவே சேராது. சாயங்காலம் ஒரு தூறல் விழுந்ததும் "அப்பாடா, மழை வந்துவிட்டது" என்று பழைய கட்டைகளுக்குத் தீ வைக்கிறார்களே, அங்கேதான் கோளாறு. புல் நனைந்திருக்கும், அடிமண் காய்ந்தே இருக்கும். முதல் வரைபடம் சிவப்பானால் அன்று மதியம் எச்சரிக்கையாக இருங்கள், இரண்டாவது சிவப்பானால் அந்த மாதம் முழுக்க எச்சரிக்கையாக இருங்கள்.

மேற்குக் கரையில் மழை குறையும் காலம் ஆண்டில் இரண்டு முறை வரும். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் ஒன்று, ஜூன், ஜூலை வாக்கில் இன்னொன்று. எல் நீனோ ஆண்டு என்றால் இரண்டும் நீளும். பால்மரம் (ரப்பர்) மிச்சமிருக்கும் பகுதிகளில் முதல் பருவம் இலையுதிர் காலத்தோடு சேர்ந்து வருவதால் தரை முழுக்கச் சருகு. ஆகவே வெட்டும் வேலை தைப்பூசத்துக்கு முன் ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை முடிந்திருக்க வேண்டும்.

வெட்டிச் சுத்தம் செய்வதில் நாலு வழி

வீட்டுச் சுவரிலிருந்து முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. விறகுக் கட்டு, பழைய டயர், அட்டைப்பெட்டி, காய்ந்த தென்னைமட்டை, வாசல் கூட்டிய குப்பை எல்லாம் வெளியே. அதற்கப்பால் ஒன்பது பத்து மீட்டர்வரை புல் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது. இந்த அளவுகள் வெளிநாட்டு அறிவுரையிலிருந்து வந்தவைதான், ஆனால் லாலாங் தீயின் சுவாலை எட்டாமல் இருக்க இந்த இடைவெளி நமக்கும் சரியாக வரும். கூரைப் பீலியில் சேர்ந்த சருகை அள்ளிப் போடுங்கள். பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை) வீடுகளில் பலகைச் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் குருவிக்கூடும் காய்ந்த இலையும் அடைந்திருக்கும், தணல் போய் உட்கார அதைவிட வசதியான இடம் இல்லை.

எப்படி வெட்டுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

களைக்கொல்லி மருந்து அடிப்பது சுலபம், தோட்டத்தில் வேலை செய்த கைக்குப் பழக்கமானதும்கூட. ஆனால் மருந்து பட்ட லாலாங் நின்ற நிலையிலேயே பழுப்பாகிக் காயும். ஜனவரி கடைசியில் மருந்து அடித்தால் பிப்ரவரிக்கு உங்கள் வேலிக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்குக் காய்ந்த விறகை நீங்களே நட்டு வைத்ததாக ஆகிவிடும். வேர்வரை சாகவேண்டும் என்று மருந்து அடிப்பவர்கள் அக்டோபர், நவம்பர் மழையின் இடைவெளியில் அடித்து, காய்ந்ததை வெயிலுக்கு முன் அப்புறப்படுத்திவிட வேண்டும். அதற்கு நேரம் போய்விட்டது என்றால் இந்த வழியை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள்.

புல்வெட்டும் மெஷினாலோ பாராங் கத்தியாலோ வெட்டுவது வெயில் காலத்துக்குச் சரியான வழி. ஆனால் வெட்டியதை அங்கேயே போட்டுவிட்டுப் போனால் பாதி வேலைதான் முடிந்தது. வாரிக் குவித்து, வீட்டிலிருந்து தள்ளி, ஈரமான இடத்தில் மக்கவிடுங்கள். இன்னொன்று, மெஷின் பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும், சூடான எஞ்சினைக் காய்ந்த புல்லில் வைத்தாலும் பற்றும். காலை எட்டு மணிக்குப் பனி ஈரம் இருக்கும்போதே வேலையை முடித்துவிட்டு, மதியம் மெஷினைத் தொடாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது வழி, நிழல். லாலாங் நிழலில் பிழைக்காது. செம்பனைக் கன்றுகளுக்கிடையே தோட்டங்களில் படரவிடும் முக்குனா கொடி இதைத்தான் செய்கிறது. வீட்டைச் சுற்றி அந்தக் கொடியை விட நான் சொல்லமாட்டேன், வேலி, கூரை, மின்கம்பம் என்று எல்லாவற்றின் மேலும் ஏறிவிடும். வாழையும் சேம்பும் நட்டு வையுங்கள். தண்டில் தண்ணீர் உள்ள செடிகள், சீக்கிரம் பற்றாது, காய்ந்த வாழை இலையை மட்டும் அவ்வப்போது அறுத்துப் போட வேண்டும். செலவு மிகக் குறைவு, பலன் தெரிய ஓராண்டு ஆகும்.

நாலாவது, கொளுத்திவிடுவது. அது வழியே இல்லை. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் திறந்தவெளி எரிப்புக்கு ஐந்தாண்டுவரை சிறையும் பெரிய அபராதமும் உண்டு, நிலத்தின் உரிமையாளரையும் குடியிருப்பவரையும் பொறுப்பாக்கும் பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் ஊர்த் தீ பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் குப்பையை எரிக்கப் போய் வந்ததுதான். போகிக்குப் பழைய பாயும் துணியும் கொளுத்தும் வழக்கம் உள்ள வீடுகளை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், காம்புட் மண் பக்கத்தில் வேண்டாம். குப்பை லோரியில் போட்டாலும் பழையது கழிந்ததுதான்.

தண்ணீரா, தீயணைப்பானா

பம்ப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் எங்கிருந்து வரும்? வறட்சியில் குழாயில் அழுத்தம் குறையும், சிலாங்கூரில் தண்ணீர் வெட்டு நமக்குப் புதிதில்லை. பாரிட்டில் (வாய்க்காலில்) தண்ணீர் இறங்கியிருக்கும். ஈயக்குட்டை பக்கத்தில் இருக்கிற வீட்டுக்குப் பெட்ரோல் பம்பும் நீளமான குழாயும் உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்கு அது கொட்டகையில் துருப்பிடிக்கும் பொருள். மின்பம்ப் என்றால் கம்பம் எரிந்து கரண்ட் போனதும் அதுவும் போச்சு.

இரண்டு பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், தோட்டக் குழாய், வாளி, சாக்கு இருந்தால் போதும் என்பது என் கருத்து. கணுக்கால் உயரத் தீயை ஈரச் சாக்கால் அடித்து அணைக்கலாம், இடுப்புயரத் தீயின் முன் சாக்கோடும் நிற்காதீர்கள், குழாயோடும் நிற்காதீர்கள். தொட்டிக்கு இறுக்கமான மூடி அவசியம். தீக்குப் பயந்து தண்ணீர் பிடித்து வைத்து, அதில் ஏடிஸ் கொசு வளர்ந்து வீட்டில் டெங்கி வந்தால் என்ன பிரயோசனம்?

தீயணைப்பான் நல்ல பொருள்தான், ஆனால் அது வீட்டுக்குள் நடக்கும் தீக்கு. வீட்டில் வைக்கும் சிறிய உலர்தூள் வகை சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடும். சமையலறைத் தீக்கும், கூரை ஓரத்தில் தணல் விழுந்து அப்போதுதான் பற்றிய பலகைக்கும் அது போதும், திடல் நிறைய எரியும் லாலாங்குக்கு ஒன்றுமே செய்யாது. கையில் காசு மிஞ்சினால் வாங்குங்கள், முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். காசு செலவில்லாத ஒரு வேலை அதைவிட முக்கியம்: பின்பக்கம் வைத்திருக்கும் கேஸ் தோம்பைக் (சிலிண்டரைக்) கவனிப்பது. லாலாங் வேலிக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே தோம்பை நிறுத்தியிருக்கும் வீடுகள் எங்கள் வரிசையிலேயே பல உண்டு. அதை இன்றைக்கே இடம் மாற்றுங்கள், வால்வை எப்படி மூடுவது என்று வீட்டில் எல்லாருக்கும், தாத்தா பாட்டிக்கும், காட்டி வையுங்கள்.

புகைக்கு மாஸ்க்கா, மெஷினா

நம் வட்டாரத்தில் வீடு எரிவதைவிட நெஞ்சு பழுதாவதுதான் அதிகம். 2005 ஆகஸ்ட் 11-இல் போர்ட் கிள்ளானிலும் கோலா சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்களே, அது புகைக்காக. 2013 ஜூனில் மூவாரில் குறியீடு 746-ஐத் தொட்டது. அந்த நாட்களில் வீட்டுச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மூச்சுக்குத்தான் ஆபத்து. அதனால் பம்பை விடப் புகைக்கான ஏற்பாட்டை நான் முன்னால் வைக்கிறேன்.

சாதாரண அறுவைசிகிச்சை மாஸ்க் ஓரங்களில் திறந்திருப்பதால் நுண்துகள் தாராளமாக உள்ளே போகும். என்-95 வகை முகத்தோடு ஒட்டினால்தான் வேலை செய்யும், தாடி இருந்தால் ஒட்டாது, சின்னப் பிள்ளைகளின் முகத்துக்கு அளவு பொருந்தாது. வெளியே போயே ஆகவேண்டிய பெரியவருக்கு அது. பிள்ளைக்கும் கைக்குழந்தைக்கும் அறைதான் மாஸ்க். எந்த மாஸ்க்கும் கார்பன் மோனாக்சைடை நிறுத்தாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஆகவே மாஸ்க் போட்டிருக்கிறோம் என்று எரியும் நிலத்துக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவது உங்கள் வீட்டைப் பொறுத்தது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் கல் வீட்டில், ஜன்னல் மூடும் அறையில், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள மெஷின் நன்றாக வேலை செய்யும், அறையின் அளவுக்குத் தகுந்ததாக வாங்கினால் போதும். பழைய லயத்துப் பலகை வீட்டில், சுவர் மேல் பாதி கம்பி வலையாகவோ இடுக்குகளாகவோ இருக்கும் இடத்தில், அதே மெஷினைப் போட்டால் வெளிக்காற்றைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும், அறை சுத்தமாகாது. அங்கே முதல் செலவு பிளாஸ்டிக் விரிப்பும் டேப்பும். இருப்பதிலேயே சின்ன அறையைத் தேர்ந்தெடுத்து, சுவர் இடுக்கையும் கூரை ஓரத்தையும் அடைத்து, கதவடியில் ஈரத்துணி போட்டு, அப்புறம் மெஷினைப் பற்றி யோசியுங்கள். அந்த அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் வேண்டாம், பக்கத்தில் வறுவலும் பொரியலும் அந்த நாட்களில் வேண்டாம். வெளியே காற்று தெளிந்ததும் திறந்துவிட மறக்காதீர்கள்.

இழுப்பு உள்ளவர்கள் மருந்தை வெயில் காலத்துக்கு முன்பே கிளினிக்கில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வருடக்கணக்கில் தோட்டத்தில் மருந்து அடித்த அம்மாக்கள் பலருக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனம், அவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இருப்பதா, கிளம்புவதா

இங்கேயும் எந்தத் தீ என்பதைப் பொறுத்துத்தான் பதில். லாலாங் தீ வருகிறது என்றால் சீக்கிரம் கிளம்புவதும் நல்லது, சுற்றிலும் சுத்தம் செய்த கல் வீட்டில் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதும் நல்லது. இரண்டுக்கும் நடுவே தயங்கி நின்று, தீ ரோட்டோரம் வந்த பிறகு மோட்டாரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புகைக்குள் ஓடுவதுதான் மிகவும் மோசமானது. பல தோட்டங்களுக்கு வெளியேற ஒரே செம்மண் ரோடுதான், அதன் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் லாலாங் என்றால் புகை தூரத்தில் தெரியும்போதே கிளம்புங்கள். நேரமில்லையா, தோட்டத்துத் திடலுக்கு ஓடுங்கள். புல் குட்டையாக வெட்டிய அகலமான வெளி, எரிய ஒன்றுமில்லை. சிமெண்டு போட்ட கோயில் வாசலும் அப்படித்தான். பலகை வீட்டில் இருப்பவர்கள் உள்ளே அடைத்துக்கொண்டு இருக்கும் யோசனையையே விட்டுவிட வேண்டும்.

மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது தானாக மேய்ந்து தேய்ந்த தரையைத் தேடிப் போகும்.

காம்புட் புகை என்றால் அவசரமாக ஓட வேண்டியதில்லை, ஆனால் யார் எப்போது கிளம்புவது என்று முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். என் கணக்கு இது: குறியீடு 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தால் கைக்குழந்தை, கர்ப்பிணி, இழுப்புக்காரர், நெஞ்சு நோயுள்ள பெரியவர் எல்லாரும் உறவினர் வீட்டுக்கு. 200-ஐத் தாண்டினால் பள்ளியும் மூடும், அப்போது பிள்ளைகளையும் அனுப்பிவிடலாம். 300 என்றால் வேலைக்காக இருந்தே ஆகவேண்டியவர் தவிர மற்ற எல்லாரும். புகை பரவுவதால் பக்கத்து ஊர்ச் சித்தி வீட்டுக்குப் போய்ப் பயனில்லை, காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம் உள்ள ஊரில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்து, "வந்தால் ஒரு வாரம் இருக்கலாமா" என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். கார் இல்லாத வீடுகள் பக்கத்து வீட்டு அண்ணனிடமோ பள்ளி வேன்காரரிடமோ இப்போதே சொல்லி வைக்கட்டும்.

எடுத்துக்கொண்டு போகும் பையில் நகையை விட முக்கியம் பத்திரங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் மக்களில் இன்னும் எத்தனை பேர் பிறப்புச் சான்றிதழ் தாமதம், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை விண்ணப்பம் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். விண்ணப்பித்ததற்கான ஒரு ரசீது எரிந்துபோனாலும் அந்தக் குடும்பம் மறுபடி தொடக்கத்திலிருந்து அலைய வேண்டும். பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், நில கிராண்ட் (பட்டா), சேமநிதிக் காகிதம், கிளினிக் புத்தகம், பெரியவர்களின் பழைய தோட்டத்து வேலைக் காகிதங்கள்கூட ஒரே பிளாஸ்டிக் பையில் வரட்டும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து ஊரில் இல்லாத ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். இந்தப் பைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, இது இல்லாததால் ஆகும் நஷ்டத்தை எந்த இன்சூரன்ஸும் தராது.

புகையோ தீயோ கண்டால் 999. "யாராவது கூப்பிட்டிருப்பார்கள்" என்று விடாதீர்கள். தோட்டத்துக்குள் இருக்கும் இடத்தைச் சொல்லும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், பக்கத்துக் கோயில், எந்த வாசல் வழியாக வரலாம் என்பதையும் சொல்லுங்கள், தீயணைப்பு வண்டி உள்ளே வந்து வழி தெரியாமல் சுற்றும் நிமிடங்கள்தான் விலை உயர்ந்தவை.

இன்சூரன்ஸ் யாருக்குத் தேவை

வீட்டுக் கடன் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஒரு தீ பாலிசி ஏற்கெனவே இருக்கும். கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்குக் கட்டடம் சொந்தமில்லை, உள்ளே இருக்கும் சாமானுக்கு மட்டும் தனிப் பாலிசி எடுக்கலாம். நம்மில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. அடிப்படைத் தீ பாலிசி தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கானது. புதர்த் தீ, லாலாங் தீ என்பது கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்கும் தனிப் பிரிவு. வெள்ளம், மரம் விழுவது போன்றவையும் அப்படியே. தீ பாலிசி இருக்கிறதே என்று நம்பியிருக்கும் வீடு லாலாங்கிலிருந்து வந்த தீயில் எரிந்தால், காகிதத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பலகை வீட்டுக்குக் கட்டணம் கல் வீட்டைவிடக் கூடும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

லாலாங்குக்குப் பக்கத்தில் சொந்த வீடு உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் பிரிவு பம்பை விடப் பயனுள்ளது என்பேன். தாமான் நடுவில் நாலு பக்கமும் சிமெண்டு ரோடு உள்ள வீட்டுக்கு அது தேவையில்லை, அந்தக் காசு காற்றுச் சுத்திகரிப்பானுக்குப் போகட்டும். ஏஜெண்டைக் கூப்பிட்டு, "லாலாங் தீ என் பாலிசியில் இருக்கிறதா, எந்தப் பக்கத்தில்" என்று நேராகக் கேளுங்கள், வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். இல்லை என்றால் புதுப்பிக்கும் தேதிவரை காத்திருக்க வேண்டாம், நடுவிலேயே சேர்க்க முடியுமா என்று அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.